பழைய கேட்டலிடிக் கன்வெர்ட்டர்: தின்னர் ஊற்றலாமா, சிட்ரிக் ஆசிடில் ஊற வைக்கலாமா, புதுசே வாங்கிவிடலாமா?

செக் இன்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனரை மாட்டினால் பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான எண்) என்று காட்டுகிறது, புகையின் நச்சைக் குறைக்கும் அந்தக் கன்வெர்ட்டரைப் புதிதாக வாங்க விலை கேட்டால் தலை சுற்றுகிறது. பழையதை வீட்டிலேயே தேற்றிவிட முடியுமா? சில சமயம் முடியும். எதனால் கெட்டது என்று பார்க்காமல் எதைச் செய்தாலும் காசும் நேரமும் வீண்.

உள்ளே இருப்பது நுண்ணிய துளைகள் நிறைந்த செராமிக் கட்டி. துளைச் சுவர்களில் அலுமினாவும் சீரியாவும் கலந்த பூச்சு, அந்தப் பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை கண்ணுக்கே தெரியாத துகள்களாக ஒட்டியிருக்கும். இது கெடும் வழிகள் பல. கரி படியலாம். இன்ஜின் ஆயில் எரிந்தால் அதில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்த்திருக்கும் துத்தநாகமும் பாஸ்பரஸும் பூச்சின் மேல் படலமாக உட்காரும். அளவு மீறிய சூட்டில் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, வேலை செய்யும் பரப்பு குறைந்துவிடும். மிஸ்ஃபயரோடு, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல், ரொம்ப நாள் ஓட்டினால் கட்டியே உருகி அடைத்துக்கொள்ளும்.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை. ஸ்கேனரில், கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜையும் கிராஃபாகப் பாருங்கள். பெரும்பாலான பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிப்படி வந்த) பெட்ரோல் கார்களில் முன் சென்சார் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், பின் சென்சார் 0.6, 0.7 பக்கம் அசையாமல் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே குதித்தால் சீரியா ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் சக்தியை இழந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் எக்ஸாஸ்ட் ஜாயின்ட்டில் சின்ன லீக் இருந்தாலும் இதே பி0420 வரலாம், அதனால் முதலில் லீக்கைப் பாருங்கள். ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் கட்டி உடைந்துவிட்டது, அதற்கு எந்த ரசாயனமும் உதவாது.

சரி, வழிகளுக்கு வருவோம். பெட்ரோல் டேங்கில் தின்னரை ஊற்றி நெடுஞ்சாலையில் ஓட்டச் சொல்வதுதான் எல்லாரும் முதலில் காட்டும் வழி. தின்னர் என்பது டொலுயீன், அசிட்டோன் மாதிரியான கரைப்பான்களின் கலவை. அது பெட்ரோலோடு சேர்ந்து இன்ஜினுக்குள்ளேயே எரிந்துபோகிறது, கன்வெர்ட்டருக்குக் கரைப்பானாகப் போய்ச் சேர்வதில்லை. துத்தநாகமும் பாஸ்பரஸும் எரிகிற பொருளும் இல்லை. லைட் அணைந்ததாகச் சொல்பவர்களுக்கு உதவியது பெரும்பாலும் அந்த நீண்ட வேகமான ஓட்டமாகத்தான் இருக்கும், ஏனென்றால் நல்ல சூட்டில் கரி எரிந்துவிடும், கந்தகமும் ஓரளவு விலகும். அப்படியென்றால் தின்னர் எதற்கு? ரப்பர் ஹோஸ், சீல், ஃப்யூவல் பம்ப்பைக் கெடுத்துக்கொள்ளவா? தினமும் ஊருக்குள் மட்டுமே ஓடும் காராக இருந்தால் ஒரு நாள் பைபாஸில் மூன்றாவது கியரில் கொஞ்சம் அதிக ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் மிஸ் ஆகாமல் ஓடினால் மட்டும்.

சோப்புத் தண்ணீரில் ஊற வைப்பது, பிரஷர் வாஷரில் அடிப்பது இரண்டும் எண்ணெய்ப் பசையையும் தளர்ந்த கரியையும் எடுக்கும், அதோடு சரி. பிரஷர் வாஷர் பூச்சையும் சேர்த்துப் பெயர்க்கக்கூடும் என்பதால் எனக்கு அது பிடிக்கவே இல்லை.

வேதியியல் நியாயம் உள்ள ஒரே வீட்டு வழி சிட்ரிக் ஆசிட், நம்ம மளிகைக் கடை எலுமிச்சை உப்பு. இது துத்தநாகம், ஈயம், கால்சியம் போன்ற அயனிகளைப் பிடித்துக் கரைசலுக்கு இழுத்துவிடும், விலை உயர்ந்த உலோகங்களை அவ்வளவாகத் தொடாது. நீர்த்த சிட்ரிக், ஆக்ஸாலிக் அமிலங்களால் கழுவி, ஓடித் தேய்ந்த கன்வெர்ட்டர் துண்டுகளின் செயல்பாட்டை ஓரளவு மீட்ட ஆய்வு 2006லேயே வெளியாகியிருக்கிறது. ஆக்ஸாலிக் நஞ்சு, சிறுநீரகத்தைப் பாதிக்கும், வீட்டுக்கு வேண்டாம். சிட்ரிக்கை லிட்டருக்கு 20 கிராம் அளவில், கை பொறுக்கும் வெந்நீரில் கரைத்து, கன்வெர்ட்டரின் இன்ஜின் பக்க வாய் நன்றாக மூழ்கும்படி சில மணி நேரம் வையுங்கள், நச்சுப் படலம் அதிகம் சேர்வது அந்த முன்பக்கத்தில்தான். சென்சார்களைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, வெயிலில் நாள் கணக்கில் காய வையுங்கள். கட்டியைச் சுற்றியுள்ள ஃபைபர் மேட் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஈரத்தோடு மாட்டி ஓட்டினால் சூடான செராமிக் விரிசல் விடக்கூடும், பின் சென்சாரும் போகலாம். கழுவிய தண்ணீரில் கன உலோகங்கள் இருக்கும், செடிக்கோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள்.

வேகமாகக் கரையட்டும் என்று பாத்ரூம் கழுவும் ஆசிடை எடுப்பவர்களும் உண்டு. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அலுமினாப் பூச்சையே கரைக்கும், ஸ்டீல் கூட்டையும் அரிக்கும். பிளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு வரும். வேண்டவே வேண்டாம்.

சூட்டில் சேர்ந்து பெரிதான துகள்களை சிட்ரிக் பிரிக்காது. அவற்றை மறுபடி சிதறடிக்க உயர் வெப்பத்தில் குளோரினும் ஆக்சிஜனும் செலுத்தும் முறை ஆய்வுக்கூடத்திலும் சுத்திகரிப்பு ஆலையிலும் இருக்கிறது, வீட்டில் நினைத்தும் பார்க்கக் கூடாது. அந்த நிலைக்கு வந்தால் புதுசுதான். ரோடியம் 2021இல் அவுன்ஸுக்கு 25,000 டாலரைத் தாண்டியது, ஒவ்வொரு கன்வெர்ட்டரிலும் இந்த உலோகங்கள் சில கிராம்தான், அதனால் ரொம்ப மலிவாகக் கிடைப்பதில் உலோகம் குறைவாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுக் குழாயை மாட்டிவிடுவது சட்டப்படி தவறு, தெருவில் நடக்கிற குழந்தைகளின் மூச்சுக்கும் கேடு.

எனக்கு வரிசை இப்படித்தான்: லீக், சென்சார், மிஸ்ஃபயர் பார்ப்பது, நல்ல சூட்டில் ஒரு ஓட்டம், கார் ஆயில் குடித்த வரலாறு இருந்தால் சிட்ரிக், மற்றபடி புது கன்வெர்ட்டர். ஆயில் குடிப்பதை நிறுத்தாமல் சிட்ரிக்கில் ஊற வைத்தால் மறுபடியும் அதே படலம் வந்து உட்காரும். கழுவுவதற்கு முன்பும் பின்பும் பொல்யூஷன் டெஸ்ட் எடுத்து சீட்டுகளை ஒப்பிடுங்கள். பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம். லைட் அணைந்துவிட்டது என்பதைவிட அந்த இரண்டு எண்களும் இறங்கியிருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.