பழையாற்றங்கரைக் கிணறு, ஆர்ஓ மெஷின், கார்பன்: பல வருஷ அனுபவம்

சுசீந்திரம் தாண்டி, பழையாற்றை ஒட்டி எங்கள் வீடு. நாகர்கோவில் கழிவுநீரையும் சேர்த்துக்கொண்டுதான் ஆறு எங்கள் பக்கம் வருகிறது. கிணற்று ஊற்றும் ஆற்றோரம்தான். கோடையில் லேசாக உப்பும் ஏறும். அதனால் ஆர்ஓ மெஷின் வைத்தோம்: மண் தூசி பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டர், இரண்டு கார்பன் (கரி) ஃபில்டர், உப்பைத் தடுக்கும் மெம்பிரேன் என்ற சவ்வு, கடைசியில் கிருமி கொல்லும் யூவி விளக்கு.

உப்பை விட எனக்குப் பெரிய கவலை, ஊர்க் கழிவோடு வரும் ஹார்மோன் குழப்பிகள், அதாவது உடலின் ஹார்மோன் வேலையைக் குழப்பும் ரசாயனங்கள். மனித உடலிலிருந்து வெளியேறும் ஈஸ்ட்ரோஜன், கருத்தடை மாத்திரையின் செயற்கை ஹார்மோன், சலவைப் பொருட்களிலிருந்து வரும் நோனைல்பீனால், பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பிஸ்பீனால் ஏ. கொதிக்க வைத்தாலும் இவை போகாது. கனடாவில் ஒரு ஏரியில் 2001 முதல் 2003 வரை மாத்திரை ஹார்மோனைக் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். அங்கிருந்த ஒரு சிறு மீன் இனம் ஏறக்குறைய அழிந்தே போனது.

இத்தனை வருஷம் பயன்படுத்தியதில் என் தீர்ப்பு: மெஷினில் உண்மையாக உழைப்பது கார்பன். இந்த ரசாயனங்களில் பலவும் தண்ணீரில் கரைந்திருப்பதை விட கார்பன் துளைகளில் ஒட்டிக்கொள்ளவே விரும்பும். மெம்பிரேனும் பெரும்பகுதியைத் தடுக்கும். ஆனால் மின்னேற்றம் இல்லாத சிறு மூலக்கூறான பிஸ்பீனால் ஏ கொஞ்சம் நழுவிப் போகும். வீட்டு யூவி கிருமிக்கான அளவு மட்டுமே. இவற்றை உடைக்க அது போதாது.

கார்பன் நிறைந்துவிட்டால் ருசியிலோ நிறத்திலோ தெரியாது. சர்வீசுக்கு வந்த தம்பி மீட்டரை முக்கிக் காட்டினான். "அக்கா, டிடிஎஸ் நல்லா குறைஞ்சிருக்கு. கார்பன் இப்ப மாத்தண்டாம்."

"அது இருக்கட்டும் மக்கா, நீ மாத்து" என்றேன்.

டிடிஎஸ் மீட்டர் பார்ப்பது தண்ணீரில் மின்சாரம் கடத்தும் உப்புகளை. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. நானோகிராம் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதுவும் மின்சாரம் கடத்தாத பொருள். மீட்டர் எப்படிக் காட்டும்? அதனால் குறித்த காலத்துக்கு முன்பே கார்பனை மாற்றிவிடுகிறேன். மாற்றிய அன்று முதலில் வரும் தண்ணீரைக் குடிக்காமல் விட்டுவிடுவேன். குடிக்கிற தண்ணீர் எவர்சில்வர் குடத்தில்தான். வெயிலில் கிடந்த பாலிகார்பனேட் கேனில் பிடித்து வைத்தால் பிஸ்பீனால் ஏ திரும்பவும் இறங்கும்.

குறைகளும் உண்டு. கழிவாகப் போகும் தண்ணீர், குடிக்கக் கிடைப்பதை விட அதிகம். மெம்பிரேன் தடுத்ததெல்லாம் அந்தக் கழிவில் செறிந்து போகிறது; அதைக் கக்கூசுக்கு மட்டும் விடுகிறேன். பழைய கார்பன் குப்பைக்குப் போகிறது. ஆக, வீட்டு மெஷின் இந்த ரசாயனங்களை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அழிக்கும் வேலையை ஊர்க் கழிவுநீர் நிலையத்தில் ஓசோன் செய்ய வேண்டும். ஓசோன் உடைத்த மிச்சத்துக்கு மணல் வடிகட்டியோ கார்பனோ பின்னால் வேண்டும். 2016 முதல் சுவிட்சர்லாந்தில் பல கழிவுநீர் நிலையங்களுக்கு ஓசோனோ கார்பனோ கட்டாயம். பழையாற்றுக்கும் அது வந்தே ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

குலசேகரம், திருவட்டார் பக்கம் உப்பில்லாத கிணறு உள்ளவர்கள் ஆர்ஓவுக்குக் காசு கொடுக்க வேண்டாம். நல்ல கார்பன் பிளாக்கும் யூவியும் வாங்குங்கள். மிச்சப் பணத்தில் கார்பனை அடிக்கடி மாற்றலாம்.