சிக் ரூம் சுவரில் மாட்டும் ரெடிமேட் முதலுதவிப் பெட்டி: ஐந்துக்குப் பெட்டிக்கு 4, உள்ளே இருப்பதற்கு 2

பள்ளிகளுக்கு விற்கும் முதலுதவிப் பெட்டி பெரும்பாலும் பள்ளிக்கென்று பிறந்ததல்ல, தொழிற்சாலைக்குப் பிறந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆவது பிரிவு, 150 தொழிலாளர்களுக்கு ஒரு பெட்டி வைக்கச் சொன்னது. உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதை மாநில விதிகள் பட்டியலிட்டன. பல மாநிலப் பட்டியல்களில் பாம்புக்கடியைக் கீறும் கத்தி, பொட்டாசியம் பெர்மாங்கனேட், நூறு ஆஸ்பிரின் மாத்திரை எல்லாம் உண்டு. கீறுகத்தி இப்போது கடைப் பெட்டிகளில் இல்லை, நல்லவேளை. மற்றபடி சரக்கு இன்னும் வயது வந்த ஆளின் வெட்டுக்காயத்தை நினைத்தே அடுக்கப்படுகிறது. மேலே ‘ஸ்கூல் கிட்’ என்று ஸ்டிக்கர் மட்டும் புதிது.

பெட்டியில் குறை சொல்ல அதிகமில்லை. பவுடர் கோட்டிங் செய்த தகரப் பெட்டியானாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஆனாலும் பல வருடம் உழைக்கும். கோளாறு பூட்டில்தான். ஒரே பூட்டு, ஒரே சாவி, அந்தச் சாவி அலுவலக மேசை டிராயரில். மருந்துக்குப் பூட்டு வேண்டும், பஞ்சுக்கும் கட்டுத்துணிக்கும் கூடாது. மூக்கில் ரத்தம் வழிய ஒரு பிள்ளை நிற்கும்போது சாவி தேடக்கூடாது. ஆகவே இரண்டு தனிக் கதவுள்ள மாடலைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பெட்டியைப் பூட்டாமல் விட்டு, மருந்தைப் பீரோவுக்கு மாற்றுங்கள். கழிப்பறைச் சுவரிலும் மேற்கு வெயில் விழும் சுவரிலும் மாட்ட வேண்டாம். ஈரத்தில் ஸ்டெரைல், அதாவது கிருமி நீக்கிய, பொருளின் உறை ஒட்டு விட்டுப்போகும்.

இனி உள்ளே. பெரிய பஞ்சு உருண்டைதான் பாதி இடத்தை அடைக்கிறது. பஞ்சை நேராகக் காயத்தில் வைத்தால் இழை ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது மறுபடி ரத்தம் வரும். அதைப் பாதியாகக் குறைத்து, தனித்தனி உறையில் வரும் 10 சென்டிமீட்டர் சதுர ஸ்டெரைல் காஸ் (வலைபோன்ற காயத்துணி) 20 வாங்கிப் போடுங்கள். முக்கோணக் கட்டு ஒன்றுதான் வருகிறது. கை முறிந்தால் தூளி கட்ட ஒன்று, அதை மார்போடு அசையாமல் பிடிக்க ஒன்று, ஆக இரண்டில்லாமல் வேலை முடியாது. கத்தரிக்கோல் கூர்முனை, சீருடையை வெட்டும்போது தோலில் படும், மழுங்கிய முனைக்கு மாற்ற வேண்டும். கையுறை இரண்டு ஜோடி, அதுவும் ஒரே சைஸ். நைட்ரைல் கையுறை ஒரு டப்பா தனியாக வைப்பதே சரி.

ஆன்டிசெப்டிக் பாட்டில் தாராளமாக இருக்கிறது, காயம் கழுவத் தேவையான ஸலைன் என்ற உப்புநீர் இல்லை. சிராய்ப்புக்கு முதல் வேலை குழாய்த் தண்ணீரும் சோப்பும். நாய்க்கடி என்றால் 15 நிமிடம் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, கீறல் சிறிதென்று விட்டுவிடாமல் அன்றைக்கே தடுப்பூசிக்கு அனுப்ப வேண்டும். கெட்டியான செட்ரிமைடு என்ற ஆன்டிசெப்டிக் கரைசலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் தோல் எரியும். பெட்டியோடு வரும் துண்டுப் பிரசுரம் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆயாவோ விளையாட்டு ஆசிரியரோ அதைப் படிக்கப்போவதில்லை. தீக்காய க்ரீமும் அப்படித்தான், இருக்கிறதே என்று பூசிவிடுவார்கள். சுட்ட இடத்தை 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டுவதே சிகிச்சை. க்ரீமை எடுத்துவிட்டால் பற்பசை, பேனா மை, இட்லி மாவு ஆகியவற்றோடு சண்டை போட ஒரு எதிரி குறைவு.

மதிப்பெண் குறைவது மருந்துத் தட்டில். ஆஸ்பிரின் இருந்தால் முதல் வேலையாக வெளியே எடுங்கள். காய்ச்சலில் குழந்தைகளுக்குக் கொடுத்தால் ரே நோய்க்குறி என்ற ஈரல், மூளைப் பாதிப்பு வரக்கூடும். அடுத்தது பாராசிட்டமால் சிரப். நம் கடைகளில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமும் உண்டு, 250 மில்லிகிராமும் உண்டு, பாட்டில் ஏறக்குறைய ஒரே தோற்றம். 20 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 300 மில்லிகிராம். முதல் பாட்டிலில் அது 12.5 மில்லி, இரண்டாவதில் 6 மில்லி. பழக்கத்தில் 12.5 மில்லியை இரண்டாவது பாட்டிலிலிருந்து ஊற்றினால் 625 மில்லிகிராம் உள்ளே போகும். ஒரே வலிமைதான் வாங்குவோம் என்று முடிவெடுத்து அலமாரிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். கொடுக்குமுன் எடை பார்க்க வேண்டும், பெற்றோரின் எழுத்துச் சம்மதம் கோப்பில் இருக்க வேண்டும், காலையில் வீட்டில் எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று போன் போட்டுக் கேட்க வேண்டும்.

ஓஆர்எஸ் சில பெட்டிகளில் இல்லை; இருப்பதிலும் ஒரு பொறி. 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமும் சந்தையில் உண்டு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்கு. உறையில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று பார்த்து, ஒரே அளவில் வாங்கி, அந்த அளவுக்குக் கோடு போட்ட பாட்டிலையும் பக்கத்தில் வையுங்கள்.

இல்லாதவை எவை என்று பார்த்தால்தான் இது பள்ளிப் பெட்டியல்ல என்பது உறைக்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் இல்லை. சானிட்டரி நாப்கின் இல்லை, மாற்று உள்ளாடை இல்லை. முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளை மயங்கும்போது பார்க்க குளுக்கோமீட்டர் இல்லை; ரத்தச் சர்க்கரை 70 mg/dLக்குக் கீழே இருந்து, நினைவும் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை, 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. நினைவில்லை என்றால் வாயில் எதுவும் கூடாது, 108. ஆஸ்துமாவுக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலரில் பொருத்தி மூச்சிழுக்கும் குழல், இல்லை. இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் மருத்துவர் சீட்டில் வாங்கும் மருந்து என்பதால் பிள்ளையின் சொந்த இன்ஹேலரைப் பெயர் எழுதி, டாக்டர் எழுதிக் கொடுத்த அளவோடு வாங்கி வைப்பதே முறை. புது பிளாஸ்டிக் ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் துடைக்காமல் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து ஸ்பேசரின் உட்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். வலிப்புக்கு வேண்டிய பொருள் ஒன்றே: சுவர்க் கடிகாரம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை நிறுத்தி, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும்.

பதிவேடும் பெட்டியோடு வருவதில்லை, இதைத்தான் பெரிய குறையாகச் சொல்வோம். தேதி, வந்த நேரம், வகுப்பு, என்ன தொந்தரவு, வெப்பநிலை, நாடித்துடிப்பு, கொடுத்த மருந்து, அளவு, பேட்ச் எண், யாருக்குத் தகவல், வகுப்புக்குத் திரும்பிய நேரம், கையெழுத்து என்று பன்னிரண்டு கட்டம் போட்ட நீள நோட்டு ஒன்று போதும். மாலையில் பெற்றோர் வந்து “என்ன கொடுத்தீங்க சிஸ்டர்?” என்று கேட்கும்போது நர்ஸ் கையில் இருப்பது அந்த நோட்டுதான். கதவின் உட்புறம் காலாவதித் தேதித் தாள் ஒன்று. மாதம் ஒருமுறை ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

வாங்குவதென்றால் காலிப் பெட்டி கேளுங்கள், பல கடைகளில் தருவார்கள். சரக்கைத் தனியாக, பேட்ச் எண் போட்ட பில்லோடு மெடிக்கலில் எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் மைதானத்துக்கென்று தோளில் மாட்டும் பை ஒன்று: காஸ் 10, க்ரேப் கட்டு 2, முக்கோணக் கட்டு 2, கையுறை, ஸலைன், மூடியுள்ள சின்ன டப்பா. விழுந்த நிரந்தரப் பல்லை வேரைத் தொடாமல் எடுத்து, கேன்டீன் பாலில் போட்டு அனுப்ப அந்த டப்பா.