3,200 ரூபாய் யுகுலேலே: இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் அளவு சரிபார்ப்பது என் வேலை. எதையும் அளந்து பார்க்காமல் நம்ப முடியாத பழக்கம் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது. பாட்டு வகுப்புக்குப் போகும் மகள், பாடும்போதே தானும் மீட்டிக்கொள்ள ஒரு கருவி வேண்டும் என்றாள். வீணை எங்கள் வாடகை வீட்டுக்கும் என் சம்பளத்துக்கும் பெரியது. கிட்டாரோ ஒன்பது வயதுப் பிள்ளையின் மடியில் அடங்கவில்லை. நான்கு நைலான் தந்திகளோடு, விரல் நுனியைப் புண்ணாக்காத, சின்னக் கிட்டார் போன்ற யுகுலேலே வீட்டுக்கு வந்தது அப்படித்தான். வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் பாராட்டுகளைப் படித்து நான் ஒருமுறை ஏமாந்திருப்பதால், இரண்டரை ஆண்டு கழித்து இதை எழுதுகிறேன்.

அந்த ஏமாற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் 1,400 ரூபாய்க்கு மிகச் சிறிய அளவான சோப்ரானோ ஒன்றை வாங்கினேன். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் எதை வாசித்தாலும் அபஸ்வரம். ஒரு நாள் இரவு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்தேன். கழுத்தின் மேல்முனையிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை 172 மில்லிமீட்டர். அங்கிருந்து தந்தி முடியும் குதிரை வரை 170. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நேர் பாதியில் இருக்க வேண்டும். அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி ஏறுவதை ஈடுகட்டக் குதிரை இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் பின்னால் தள்ளியே நிற்க வேண்டும். இங்கே அது முன்னால் ஒட்டப்பட்டிருந்தது. அந்த ஒரு பிழையாலேயே பன்னிரண்டாம் மெட்டில் வரும் மேல் ஷட்ஜம் பத்து சென்ட் ஏறிவிடும். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் இடையிலுள்ள அரைப்படி நூறு சென்ட் என்பது கணக்கு. தந்தியை மாற்றினாலும் இது தீராது. அந்தக் கருவி இப்போது சுவரில் அலங்காரமாகத் தொங்குகிறது.

மெட்டு, குதிரை, தந்தியை முறுக்கும் பிருடை என்ற வீணைச் சொற்களையே இதில் பயன்படுத்துகிறேன். கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படிந்து வரும் வெள்ளைப் பட்டையை மட்டும் கடைக்காரர்கள் சொல்வதுபோல் நட் என்கிறேன், பட்டறைக்காரனுக்கு அந்தச் சொல் வேறொன்றை நினைவூட்டினாலும்.

இரண்டாவது முறை காந்திபுரத்தில் ஒரு கடைக்கே போனேன். சோப்ரானோவைவிடச் சற்றுப் பெரிய கான்செர்ட் அளவு, தந்தி நீளம் 380 மில்லிமீட்டர், சப்பேலி மர ஒட்டுப்பலகை உடல், விலை 3,200 ரூபாய். ஒரே மாடலில் மூன்றை எடுத்து வைக்கச் சொல்லி, பையிலிருந்து நுண்ணளவு எடுக்கும் வெர்னியரை எடுத்ததும் கடைப் பையன் சிரித்துவிட்டான். "ஏனுங்கண்ணா, யுகுலேலே வாங்க வந்தீங்களா, பம்பு வாங்க வந்தீங்களா?" முழு நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். மிச்ச நீளத்தை அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போனால் அடுத்தடுத்த மெட்டுகள் வரும். 380க்கு முதல் மெட்டு 21.3, பன்னிரண்டாவது 190. மூன்றிலும் மெட்டுகள் சரியாகவே இருந்தன. வேறுபாடு குதிரையில்தான்: ஒன்றில் அது சற்றுக் கோணலாக ஒட்டியிருந்தது, ஒன்றில் ஓரத்தில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தது, மூன்றாவதில் குறையில்லை. ஒரே பெட்டியில் வந்த, ஒரே விலையுள்ள மூன்று கருவிகள் அவை. "எந்தப் பிராண்டு நல்லது?" என்று என்னைக் கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்; இந்த விலையில் பிராண்டுக்குப் பிராண்டு இருக்கும் வித்தியாசத்தைவிடப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் வித்தியாசம் பெரிது.

முதல் பத்து நாள் சுருதி நிற்கவே இல்லை. பிருடை நழுவுகிறது என்று நினைத்துக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. உண்மையில் புது நைலான் தந்தி இழுபட்டு முடியும்வரை அப்படித்தான் இறங்கிக்கொண்டே இருக்கும். தினமும் கூட்டிக் கூட்டி வைத்தால் தானாக நின்றுவிடும்.

அதன் பிறகுதான் உண்மையான குறை தெரிந்தது. பன்னிரண்டாம் மெட்டில் நான்கு சென்ட் மட்டுமே ஏறிய தந்தி, முதல் மெட்டில் பதினெட்டு சென்ட் ஏறியது. பன்னிரண்டாம் மெட்டில் சரியாக இருந்து முதல் மெட்டில் பிசகினால் குற்றம் நட்டில் இருக்கிறது: பள்ளங்கள் ஆழம் போதாமல் தந்தி உயரத்தில் நிற்பதால், முதல் மெட்டில் அழுத்தும்போது அதிகமாக இழுபடுகிறது. இரண்டாம் மெட்டுக்கும் மூன்றாம் மெட்டுக்கும் நடுவில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் மெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பார்த்தால் போதும். ஒரு மெல்லிய காகிதம் நுழையும் அளவுக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. என்னுடையதில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தடித்த தகடுகூட நுழைந்தது.

இசைக்கருவியில் அரம் போடுவதா என்று வீட்டில் தயங்கினார்கள். 1879 ஆகஸ்டில் போர்ச்சுகலைச் சேர்ந்த மதீரா தீவிலிருந்து, ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹோனலூலுவில் கரை சேர்ந்த ரேவன்ஸ்கிராக் கப்பலில் மானுவல் நூனஸ் உள்ளிட்ட மூன்று மரவேலைக்காரர்களும் இருந்தார்கள். தங்கள் ஊர்ச் சிறு கருவியை வைத்து அவர்கள் அங்கே உருவாக்கியதுதான் யுகுலேலே. தச்சர் கையில் பிறந்த பொருளைப் பட்டறைக்காரன் தொட்டால் கோபித்துக்கொள்ளாது என்று நினைத்துக்கொண்டேன். ஊசி அரத்தால் மூன்று பள்ளங்களை அளவோடு இறக்கினேன். நான்காவதில், அதாவது ஏ தந்தியில், கை மீறிவிட்டது. தந்தி மெட்டில் உரசி ஜிர்ரென்றது. சமையல் சோடாவை அந்தப் பள்ளத்தில் நிரப்பி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் கல்லாக இறுகிவிடும். அப்படிச் செய்து மறுபடி அராவினேன். இன்றும் அது அப்படியே நிற்கிறது.

பன்னிரண்டாம் மெட்டில் தந்தியின் உயரம் 3.6 மில்லிமீட்டர், அதை 2.8க்குக் கொண்டுவர விரும்பினேன். நடுவில் 0.8 குறைய வேண்டுமானால், முனையில் இருமடங்காக 1.6 குறைக்க வேண்டும். குதிரையில் செருகிய வெள்ளைப் பட்டையை உருவி, கண்ணாடிமேல் எமரித் தாளை வைத்து அதன் அடிப்பக்கத்தை மட்டும் தேய்த்தேன். இந்த இரண்டு வேலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடிந்தன. கருவியின் மதிப்பு இருமடங்கானதுபோல் இருந்தது என்றால் மிகையில்லை.

தந்திகள் ஜி, சி, ஈ, ஏ என்று கட்டப்பட்டிருக்கும். நம் சுருதிக் கணக்கில் சி ஒரு கட்டை, ஜி ஐந்து கட்டை. என் குரலுக்கு ஒரு கட்டை. சி ஷட்ஜமானால் மற்ற மூன்று தந்திகளும் அழுத்தாமலே பஞ்சமம், அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம் ஆகிவிடுகின்றன. சி தந்தியின் இரண்டாம் மெட்டில் ரிஷபத்தையும், ஏ தந்தியின் மூன்றாம் மெட்டில் மேல் ஷட்ஜத்தையும் எடுத்தால் மோகன ராகம் முழுதாகக் கைக்குள் இருக்கிறது. மகள் பாடுவது ஐந்து கட்டையில். அவளுக்கு ஜி ஷட்ஜம், ஏ ரிஷபம். ஏ தந்தியிலேயே இரண்டு, ஐந்து, ஏழு, பத்தாம் மெட்டுகளில் காந்தாரமும் பஞ்சமமும் தைவதமும் மேல் ஷட்ஜமும் வருகின்றன.

இத்தனை திருத்தத்துக்குப் பிறகும், சுருதிப் பெட்டியோடு கேட்ட பாட்டு டீச்சர், "காந்தாரம் கொஞ்சம் ஏறி நிக்குதுங்களே" என்றார். அன்று இரவு முழுக்க மறுபடியும் நட்டையே சந்தேகித்தேன். தவறு அங்கே இல்லை. மெட்டுகள், ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரையுள்ள ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கின்றன. அதில் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட். சுருதியோடு இழைந்து காது கேட்கும் காந்தாரம் 386. அந்த 14 சென்ட்டை லட்ச ரூபாய் யுகுலேலேயும் கொடுக்காது. நான் ஒரு கட்டையில் வாசிக்கும்போது ஈ தந்தியைச் சற்று இறக்கிக் கட்டலாம்தான், ஆனால் அதே தந்தியின் மூன்றாம் மெட்டில் எடுக்கும் பஞ்சமமும் கூடவே இறங்கிவிடும். மலிவால் வந்த குறை எது, கருவியின் இயல்பு எது என்று பிரித்தறிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

தந்திகளை மாற்றி இத்தாலியின் அக்குயிலா போட்டதற்கு 600 ரூபாய். ஒலி தெளிந்தது, சற்றே உரக்கவும் கேட்டது. கூட வந்த பை ஓராண்டில் கிழிந்தது. கருங்காலி என்று சொல்லப்பட்ட விரல்பலகை, ஈரத்துணியால் துடைத்ததும் துணியைக் கருப்பாக்கியது. சாயம் பூசிய ஏதோ மரம்.

பங்குனி, சித்திரையில் விரல்பலகை வறண்டு சுருங்குவதால் மெட்டுகளின் ஓரம் வெளியே துருத்தி உள்ளங்கையைக் கீறுகிறது. ஒருமுறை அரம் தடவி மழுக்கியதும் அது தீர்ந்தது. உடல் ஒட்டுப்பலகை என்பதால் இரண்டு கோடையிலும் அது வெடிக்கவில்லை. ஒலிக்காக முழு மரத்தையே புகழ்வார்கள், ஆனால் நம் பக்கத்து வறண்ட வெயிலில் ஏசியில்லாத வீட்டுக்கு ஒட்டுப்பலகைதான் தோது என்பேன். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைக்கக் கூடாது. பசை இளகிக் குதிரை எழும்பிவிடும்.

ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு இது போதாது, ஒரு கட்டையில் கீழே மந்திர ஸ்தாயியும் கிடையாது. தாழ்ந்த ஜி தந்தி மாட்டினால் மந்திர பஞ்சமம் வரை இறங்கலாம். இப்போதுள்ள உயர்ந்த ஜி டிணுங்குவதுதான் தனக்குப் பிடிக்கும் என்று மகள் மறுத்துவிட்டாள். இன்னும் பாக்கி இருப்பது ஏ தந்தியின் பத்தாம் மெட்டு. அங்கே ஏழு சென்ட் ஏறியே நிற்கிறது. குதிரையிலுள்ள வெள்ளைப் பட்டையின் அந்த மூலையைப் பின்னோக்கிச் சாய்த்து அராவினால் சரியாகும். அரத்தோடு பக்கத்தில் போனபோது, "பரீட்சை லீவு விடட்டும்ப்பா, அப்பறம் தொடுங்க" என்று கருவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.