34,500 ரூபாய் போச்சு: ரேஸ் ஹெல்மெட் வாங்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

போன வியாழக்கிழமை ஹெல்மெட் வந்தது. நேற்று ராத்திரி அதை விற்றவன் என்னை பிளாக் செய்துவிட்டான். நடுவில் ஐந்து நாள். ரூ. 34,500 போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் "போகட்டும் விடு" என்று இருந்துவிடுவேன், அவனுக்கு அதுதான் வசதி.

நான் கோத்தகிரிப் பக்கம். ஒன்றரை ஏக்கர் தேயிலை. பதினைந்து வருடத்துக்கு மேலாக மோட்டோ ஜிபி பைக் ரேஸ் பார்க்கிறேன். மழைக்காலத்தில் கரண்ட் போய்விட்டால், டவர் கிடைக்கிற மேட்டுக்குப் போய் குடைக்குள் நின்று போனில் முழு ரேஸையும் பார்ப்பேன். கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் நேஷனல் ரவுண்டு நடந்தால் இருட்டோடு கிளம்பி மேட்டுப்பாளையம் இறங்கிவிடுவேன். 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த மோட்டோ ஜிபி ரேஸுக்கு இரண்டு ராத்திரி ரயிலில் போய் வந்தேன். என் அபிமான ரேஸர் ரோஸி 2021இல் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் எனக்கு இன்றைக்கும் அவருடைய பைக் நம்பர் 46தான். சூரியனும் சந்திரனும் போட்ட அவருடைய மஞ்சள் ஹெல்மெட் ஒன்று வாங்க வேண்டும் என்பது பல வருட ஆசை. அலமாரியில் வைக்க அல்ல, ஓட்டும்போது போட.

போட்டோ, வீடியோ போடுகிற ஒரு ஆப்பில்தான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ் விற்கிறார்கள். பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கே வேறு பேரில் திறப்பான். அசல் ஹெல்மெட் லட்சத்தைத் தாண்டும். இவன் "ஷோரூம் டிஸ்ப்ளே பீஸ்ண்ணா, பாக்ஸ்தான் கிழிஞ்சிருக்கு" என்று 38,000 சொன்னான். பேசிப் பேசி 34,500க்கு இறங்கினான்.

விலையைப் பார்த்து மட்டும் நான் நம்பவில்லை. அன்றைக்குத் தோட்டத்து ஓரத்தில் நின்று அவனோடு நாற்பது நிமிடம் பேசினேன். நொய்டா போனதைச் சொன்னதும், "அண்ணா, நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன். பெசெக்கி ஜெயிச்சப்போ அழுதுட்டேன். மார்ட்டின் ரேஸ் முடிஞ்சதும் வெயில் தாங்காம துவண்டு போனாரே, பாத்தீங்களா?" என்றான். 2009 கேட்டலூனியா ரேஸில் கடைசி வளைவில் ரோஸி லொரென்ஸோவை உள்பக்கமாகப் போய்த் தாண்டியதை, நேற்று நடந்த மாதிரி விவரித்தான். எங்கள் ஊரில் இதையெல்லாம் பேச எனக்கு ஒருத்தர் கிடையாது. வீட்டில் கேட்பார்கள், பாவம், புரியாது. அதனால் அந்த நாற்பது நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவன் சொன்னதெல்லாம் டிவியில் பார்த்தாலே தெரிகிற விஷயம்தான். அது இப்போது உறைக்கிறது. அன்றைக்கு, நம்ம ஆள் என்றே நினைத்தேன். போனை வைத்த கையோடு பணம் அனுப்பினேன். இலைக் காசு 20,000. மீதி 14,500 மனைவியின் சீட்டுப் பணம்.

பார்சலைப் பிரித்ததும் பசை நாற்றம் குப்பென்று அடித்தது. பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மச்சான் வாங்கி தாடை நாடாவை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தான். நாடாவை இறுக்கிப் பிடிக்கிற இரட்டை டி வளையத்தில் ஒன்று அப்படியே வாய் பிளந்துகொண்டது. பற்ற வைக்கவே இல்லை, கம்பியை வளைத்து விட்டிருக்கிறார்கள். உள் துணியைக் கழற்றினால், டிவி பெட்டியில் வருகிற தெர்மாகோல். நகத்தால் கீறியதும் மணி மணியாக உதிர்ந்தது. கார்பன் ஷெல் என்றான், ஒன்றரைக் கிலோவைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசில் வைத்தால் இரண்டு கிலோவுக்குப் பக்கம். நாடாவில் தைத்திருக்க வேண்டிய ஈசிஇ, அதாவது ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்தின் துணி லேபிள் இல்லை. வட்டத்துக்குள் ஒரு ஈ போட்ட ஸ்டிக்கர் மட்டும், பக்கத்தில் ஒப்புதல் கொடுத்த நாட்டின் எண்கூட இல்லை.

2011 அக்டோபர் 23, மலேசியாவின் செபாங் டிராக், ரேஸர் சிமோன்செல்லி இறந்த நாள். அவர் விழுந்ததையும், ஹெல்மெட் தலையை விட்டுக் கழன்று உருண்டதையும் நேரலையில் பார்த்தவன் நான். இன்றுவரை அந்தக் காட்சி வந்தால் சேனலை மாற்றிவிடுவேன். ரேஸ் ரேஸ் என்று என்னிடம் அவ்வளவு பேசினவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தே இதை ஒருத்தன் தலைக்கு விற்கிறான். இதைப் போட்டுக்கொண்டு குஞ்சப்பனை இறக்கத்தில் மழையில் நான் விழுந்திருந்தால்?

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். முதல் நாள், "டென்ஷன் ஆகாதீங்கண்ணா, லாட் மாறியிருக்கும்." மறுநாள், "திருப்பி அனுப்புங்க, கைக்கு வந்ததும் பணம் போட்டுடறேன்." சரி, அட்ரஸ் கொடு என்றால், "குடோன் மாத்திட்டு இருக்கோம், நாளைக்குத் தர்றேன்." அதற்கு மறுநாள் முதலாளி ஊரில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, "போட்டுப் பாத்துட்டீங்கல்ல, யூஸ் பண்ணின பொருளை எடுக்க மாட்டோம்." நேற்று ராத்திரி கடைசியாக, "ஒரு 34,500க்கு இவ்வளவு பேசறீங்களே." அதோடு பிளாக். அந்த 34,500க்கு எத்தனை கிலோ இலை பறிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியுமா?

ஆப்பில் புகார் செய்தேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. பேங்கில், நீங்களே அனுப்பிய பணம்தானே என்கிறார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கடை பேரில் இல்லாமல் தனி ஆள் பேரில் இருக்கும் யூபிஐக்குப் பணம் அனுப்பாதீர்கள். பில் கேளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே நாடா லேபிளைக் கிட்டக் காட்டச் சொல்லி வீடியோ காலில் பாருங்கள், ஈசிஇ தரத்தின் புது வடிவமான 22.06 என்றால் லேபிளில் உள்ள ஒப்புதல் எண் 06இல்தான் ஆரம்பிக்கும். 2021 ஜூனில் இருந்து இங்கே விற்கிற ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அதையும் பாருங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஏமாந்துவிட்டால் ஐந்து நாள் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே 1930.

இன்று காலை மச்சான் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே மஞ்சள் ஹெல்மெட், அதே கிழிந்த பாக்ஸ், புதுப் பதிவு. கீழே ஐந்து பேர் விலை கேட்டிருக்கிறார்கள். அதில் ஒரு தம்பி குன்னூர். மச்சான் நம்பரில் இருந்து அவனுக்கு வளையத்தின் போட்டோவை அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை.