தகரக் கூரை வீட்டில் ஒலிப்பதிவு: ரீப்பர், ஸ்கார்லெட் 2ஐ2, எஸ்எம்58

வீட்டில் பாட்டு பதிவு செய்ய என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் மூன்று பெயர்களைச் சொல்வேன்: ரீப்பர் மென்பொருள், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 பெட்டி, ஷூர் எஸ்எம்58 மைக். ஸ்டுடியோ பழக்கம் உள்ளவர்களுக்கு மூன்றாவது பெயர் பிடிக்காது. அது மேடை மைக் ஆச்சே, வீட்டுக்கு நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்தானே வாங்க வேண்டும் என்பார்கள். நுரை ஒட்டிய, ஏர்கோன் போட்ட அறைக்கு அது சரி. நான் சொல்வது மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில், தகரக் கூரைக்குக் கீழே, நாக்கோ ஜன்னல் (கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய ஜன்னல்) வைத்த வீட்டில் இருப்பவர்களுக்கு.

நான் செம்பனை ஆலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பதிவு செய்வதில் ஒன்று எங்கள் கோயில் பஜனைக் குழுவின் தேவாரம். இன்னொன்று, பால்மரம் (ரப்பர்) வெட்டிய பெண்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பாடிய தாலாட்டும் ஒப்பாரியும். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயத்தில் இருந்தவர்கள் தாமான் தாமானாக (வெவ்வேறு குடியிருப்புப் பகுதிகளுக்கு) பிரிந்துவிட்டார்கள். பாட்டு தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. மறுபடி வந்து பாடுங்கள் என்று கூப்பிட முடியாதவர்களும் அவர்களில் உண்டு. அதனால் ஒரே தடவையில் நன்றாக விழ வேண்டும் என்பதுதான் நான் முதலில் பார்ப்பது.

மைக்கிலிருந்து தொடங்குகிறேன். ஈப்போவில் இருக்கும் அத்தை மகனிடம் ஆடியோ டெக்னிகா ஏடி2020 இருக்கிறது. நல்ல கண்டென்சர் மைக், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதை வாங்கி வந்து, என் எஸ்எம்58 பக்கத்தில் நிறுத்தி, ஒரே பாட்டை இரண்டிலும் பதிவு செய்து பார்த்தோம். ஏடி2020 குரலின் மூச்சுவரை பிடித்தது. ஹார்மோனியத்தின் நாக்குகள் அதிர்வது தனியாகக் கேட்டது. கூடவே செம்பனைக் குலை லாரி போகும்போது நாக்கோ கண்ணாடி நடுங்குவது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், கூரையில் மைனா நடப்பது, தூரத்தில் ஈடிஎஸ் ரயில் எல்லாம் கேட்டன. எஸ்எம்58 பதிவில் குரல் கொஞ்சம் தடிமனாக, முன்னால் வந்து நின்றது. லாரி எங்கோ போனது.

இதற்குக் காரணம் மந்திரம் ஒன்றும் இல்லை. எஸ்எம்58 வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பாடுவதற்காகச் செய்தது. உருண்டைத் தலைக்குள் இருக்கும் நுரை மூச்சு வெடிப்பைத் தாங்கிக்கொள்ளும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். அறைச் சத்தமோ இருந்த அளவிலேயே இருக்கும். ஆகவே அமைதியான அறை இல்லாதவர்களுக்கு மலிவான வழி, கிட்டே போவதுதான். கண்டென்சரிடம் அவ்வளவு கிட்டே போனால் 'ப', 'ட' எல்லாம் வெடிக்கும், அதற்குத் தனியாக ஒரு வடிகட்டி வாங்க வேண்டும். அப்புறம் எஸ்எம்58 சுமார் 15,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் உள்ள கண்ணாடிக் கிணுகிணுப்பு அவ்வளவாக ஏறாது. 1966-இல் வந்த மைக் இன்னும் விற்பது சும்மா இல்லை. எங்கள் ஊர்க் காற்றின் ஈரத்துக்கும் இதுவே தோதானது. கண்டென்சர் வாங்கினால் கேமரா வைக்கும் ஈரம் புகாத பெட்டியில் வைத்துக் காப்பாற்றுங்கள். உங்கள் வீடு உண்மையிலேயே அமைதியான வீடு என்றால் ஏடி2020-ஐயே வாங்கலாம், பேச்சே இல்லை.

அடுத்தது இன்டர்ஃபேஸ். மைக்கின் சன்னமான மின்னோட்டத்தைப் பெருக்கி, எண்ணாக மாற்றிக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி. ஸ்கார்லெட் வரிசையில் சோலோ மலிவு, 2ஐ2 கொஞ்சம் விலை கூட. ஒரே குரல்தானே, சோலோ போதாதா என்று கேட்பார்கள். என் கருத்து, எஸ்எம்58 வைத்திருப்பவர் 2ஐ2 தான் வாங்க வேண்டும். எஸ்எம்58 வெளியே அனுப்பும் சத்தம் மிகக் குறைவு. மென்மையான குரலுக்கு 60 டெசிபல் அளவு கெயின், அதாவது பெருக்கம், கேட்கும். 2023-இல் வந்த நான்காம் தலைமுறையில் சோலோ தருவது 57 டெசிபல், 2ஐ2 தருவது 69. அந்த வித்தியாசம் மேடையில் கத்திப் பாடுபவருக்குத் தெரியாது. வாய்க்குள் முணுமுணுக்கும் பாட்டிக்குத் தெரியும். தவிர, 2ஐ2-இல் மைக் செருக இரண்டு துளை உண்டு. ஒன்று குரலுக்கு, ஒன்று ஹார்மோனியத்துக்கு.

கெயின் வைப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பதிவு நிற்பதும் விழுவதும் அங்கேதான். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி சின்ன வயதிலிருந்தே பால் வெட்டியவர். தாலாட்டைத் தொடங்கும்போது குரல் காதுக்கு எட்டாது. 'ஆராரோ' என்று இழுக்கும் இடத்தில் கூடமே நிறைந்துவிடும். அதனால் அந்த இழுப்பை முதலில் பாடச் சொல்வேன். "பாட்டி, மைக்கிட்ட வாங்க, இன்னும் கொஞ்சம்" என்றால், "இது என்னம்மா, வாய்க்குள்ள போயிடும் போலிருக்கே" என்பார். நான்கு விரல் இடைவெளி விட்டால் போதும். பாடப் பாட, குமிழைச் சுற்றி இருக்கும் விளக்கு வளையம் பச்சையாகவே நிற்க வேண்டும். உச்ச இழுப்பில் மட்டும் மஞ்சளைத் தொடலாம். சிவப்பு வந்தால் குமிழைக் குறையுங்கள். கணினித் திரையில் 0 தான் எல்லை, உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் நல்ல அளவு. 24 பிட் துல்லியத்தில் பதிவு செய்யும்போது நிறைய இடம் இருக்கிறது, கோடு முழுதும் நிரம்ப வேண்டும் என்று ஆசைப்பட வேண்டாம். சின்னக் குரலைப் பிறகு பெரிதாக்கலாம், கிழிந்த குரலைத் தைக்க முடியாது. நான்காம் தலைமுறை 2ஐ2-இல் கிளிப் சேஃப் என்று ஒரு வசதி உண்டு. குரல் எல்லை தாண்டப் போகும்போது அதுவே கெயினைக் குறைத்துவிடும். முதியவர்களைப் பதிவு செய்யும்போது அதை எப்போதும் போட்டுவைக்கிறேன்.

பாட்டி தாளத்துக்குக் கையை அசைப்பார், வளையல் குலுங்கும். அந்தக் கிணுங்கல் குரலைவிடக் கூர்மையாக விழும். கழற்றச் சொல்ல மனம் வரவில்லை. வளையலோடு சேர்த்து மணிக்கட்டில் ஒரு கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினோம். கையைப் பிடித்து நிறுத்தியிருந்தால் பாட்டும் நின்றிருக்கும்.

இனி மென்பொருள். தேவாரத்தை ஒரே குரலில் பதிவு செய்து அனுப்புவது மட்டும்தான் வேலை என்றால் ஆடாசிட்டி இலவசம், அது போதும். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் கூடவே வரும் கராஜ்பேண்டில் தொடங்கலாம். என்னைப் போல் குரல், ஹார்மோனியம், சிங்கி, கோரஸ் என்று அடுக்கடுக்காகப் பதிவு செய்பவர்கள் ரீப்பருக்கு வாருங்கள். ஒரு காலத்தில் நாமெல்லாம் கணினியில் பாட்டுக் கேட்ட வின்ஆம்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதற்கும் பின்னால் இருப்பவர். முழு மென்பொருளையும் 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், எந்த வசதியும் பூட்டியிருக்காது. பிடித்தால் தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். ஒரு முறை கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. இப்போதைய 7-ஆம் பதிப்புக்கு வாங்கும் உரிமம் 8-ஆம் பதிப்பு முடியும்வரை செல்லும். மாதாமாதம் கழியும் பணத்துக்குப் பயப்படும் சம்பளக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி. பழைய மடிக்கணினியிலும் மூச்சு வாங்காமல் ஓடுகிறது.

திறந்ததும் காலித் திரைதான் இருக்கும். பார்த்துப் பயந்து மூடிவிடாதீர்கள். முதல் வேலை, பிரெஃபரன்சஸில் ஆடியோ டிவைஸ் பக்கத்துக்குப் போய், ஏசியோவை (தாமதம் குறைந்த ஒலி இணைப்பு முறை) தேர்ந்து, ஃபோக்கஸ்ரைட் டிரைவரைக் காட்டுவது. விண்டோஸ்காரர்கள் இதைச் செய்யாவிட்டால் குரல் தாமதமாகத் திரும்பி வரும். மாதிரி வீதம் (ஒரு நொடியில் ஒலியை எத்தனை தடவை அளப்பது) 48,000, பஃபர் (கணினி ஒரு தடவையில் சேர்த்து எடுக்கும் மாதிரிகள்) 128 வைத்தால் அந்த பஃபரால் வரும் தாமதம் 3 மில்லிநொடிக்குள் அடங்கும். கணினி திணறினால் 256 ஆக்குங்கள். அதுவும் வேண்டாம் என்றால் ஸ்கார்லெட்டிலேயே டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருக்கிறது, பாடுபவர் தன் குரலைக் கணினிக்குள் போகாமலேயே கேட்கலாம். அப்புறம் கன்ட்ரோல் விசையோடு டி அழுத்தினால் ஒரு டிராக் (ஒரு குரலுக்கான பதிவு வரிசை) வரும், அதன் சிவப்புப் பொத்தானை அழுத்தி, கன்ட்ரோலோடு ஆர் அழுத்தினால் பதிவு ஓடும். சேமிக்கும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் தனி ஃபோல்டர் உருவாக்கும் பெட்டியை டிக் செய்துவிடுங்கள்.

ரீப்பரோடு கூட வரும் கருவிகளே எனக்குப் போதுமாக இருக்கின்றன. தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ரீஈக்யூவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் லாரி உறுமலில் பெரும்பகுதி போய்விடும், பெண் குரலுக்கு ஒரு சேதமும் வராது. விசிறி இரைச்சலுக்கு ரீஎஃப்ஐஆர். யாரும் பாடாத சில நொடியை அதற்குக் காட்டினால் அந்த இரைச்சலைக் கற்றுக்கொண்டு மொத்தப் பாட்டிலிருந்தும் கழிக்கும். மெதுவாகத்தான் கழிக்க வேண்டும், அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். இதற்காகவே ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் எல்லாரையும் சும்மா உட்காரவைத்து வெறும் அறையைக் கொஞ்ச நேரம் பதிவு செய்துகொள்கிறேன்.

அறை விஷயத்தில் முட்டை அட்டை ஒட்டாதீர்கள். வெளிச் சத்தத்தை அது தடுக்காது. சேலை அடுக்கிய அலமாரியைத் திறந்துவைத்து, பாடுபவருக்குப் பின்னால் சுவரில் மெத்தையைச் சாய்த்தால் எதிரொலி அடங்கிவிடும். மழைக்கு மட்டும் மருந்து கிடையாது. தகரத்தில் மழை இறங்கினால் எந்த மைக்கும் தோற்கும். எங்கள் பக்கம் பிற்பகலில்தான் இடி மழை அதிகம், ஆகவே பசியாறிய கையோடு காலையில் பதிவை முடித்துவிடுவது நல்லது. ஹூம் என்று தாழ்ந்த இரைச்சல் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். சார்ஜரைப் பிடுங்கி, மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

வாங்கும் இடத்தில் கவனம். எஸ்எம்58-க்கு உலகம் முழுக்கப் போலி உண்டு. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள், அசல் மைக் 298 கிராம். வெகுவாகக் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள். சுவிட்ச் இல்லாத மாடலையே கேளுங்கள், பாடுபவர் விரல் பட்டு பாதியில் அணைந்துபோகாது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு விற்பனை வரி சேர்கிறது. அதையும் கூட்டிப் பார்த்தால் பல நேரம் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ உத்தரவாதத்தோடு வாங்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஹெட்ஃபோன் காதை முழுதாக மூடும் வகையாக இருக்கட்டும். நான் ஏடிஎச்-எம்40எக்ஸ் வைத்திருக்கிறேன், சோனி எம்டிஆர்-7506-உம் நல்லதுதான்.

பதிவுகளை எப்போதும் 24 பிட் வேவ் கோப்பாக வையுங்கள். ஒரு மணி நேர ஒற்றைக் குரல் 520 எம்பி பக்கம் வரும், இரண்டு தனித்தனி டிஸ்க்கில் நகல் எடுங்கள். குடும்பத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 போதும்.

இந்த ஏற்பாட்டால் முடியாத ஒன்று உறுமி மேளம். பையன்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். உறுமி, தவில், ஜால்ரா, பாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக் வைக்க இரண்டு துளை பற்றாது. 8 மைக் துளை உள்ள ஸ்கார்லெட் 18ஐ20 மாதிரி ஒன்று வேண்டும், கூடவே அத்தனை மைக்கும் வேண்டும். அது ஒரு வீட்டுப் பணத்தில் ஆகாது, கோயில் குழு சேர்ந்து போட வேண்டிய பணம். ரீப்பரை மாற்ற வேண்டியதில்லை. இன்று 2 டிராக் ஓடும் அதே திரையில் அன்றைக்கு 8 ஓடும்.