ரீஃப் தொட்டிக்கு எந்த டியூப்? டி8, பிஎல், டி5: புதுச்சேரி வெயிலில் வைத்துப் பார்த்தது

மே மாதம், மதியம் இரண்டு மணி, முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறை. ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, அதில் தண்ணீர் 31 டிகிரி காட்டுகிறது, லைட் இன்னும் போடவே இல்லை. பவள வகைகளுக்கு 25, 26 டிகிரிதான் சுகம். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் தன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப் போகும். அதனால் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதி வைத்த லைட் கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கு லைட்டின் சூடு ஓசியில் கிடைத்த ஹீட்டர், நமக்கு எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு.

இப்போது இதை எழுதக் காரணம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் நண்பர் ஒருவர். நாலடித் தொட்டி செய்யக் கொடுத்துவிட்டு, ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து நாலு டியூப் போடும் பழைய டி5 செட் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு, "இது போதுமா, இல்ல சாதா டியூப்லைட்டே போட்டுக்கலாமா, பிஎல்னு ஒன்னு இருக்காமே?" என்று தினம் ஒரு போன். எல்இடி வாங்கிக்கொள்ளேன் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் டியூப் வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு, தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பரவலாக விழும், பாறைக்கு அடியில் கன்னங்கரேல் என்று நிழல் விழாது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மலிவு எல்இடியின் புள்ளிப் புள்ளி வெளிச்சம் கூசும். சரி, டியூப்தான் என்று முடிவானபின் எந்த டியூப் என்பதுதான் பேச்சு.

அதற்கு முன்னால், தொட்டியில் என்ன வைக்கப்போகிறீர்கள்? நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாறை கட்டும் கல்பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாவற்றையும் 2001-இல் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். கடலிலிருந்து எடுத்தாலும் வாங்கினாலும் விற்றாலும் வழக்கு. ஆகவே நம்மூர் வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் காளான் பவளம், ஜோவா, லெதர் மாதிரியான மெத்தென்ற வகைகள்தான் இருக்கும். இவற்றில் காளானுக்கு மங்கலான வெளிச்சமே போதும், லெதருக்கு நடுத்தரம். கடல் சாமந்தி (அனிமோன்) வைக்க ஆசைப்பட்டால்தான் வெளிச்சம் நிறைய வேண்டும். கல்பவளத்தை மனதில் வைத்து எழுதிய வெளிச்சக் கணக்கைப் படித்துவிட்டு காளான் தொட்டிக்கு ஆறு டியூப் மாட்டுவது நடக்கிற கதைதான்.

முதலில் டி8, நம் வீட்டுக் கூடத்தில் எரிகிற அதே குழல், 26 மில்லிமீட்டர் தடிமன், நாலடிக்கு 36 வாட். எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும், ராத்திரி எட்டு மணிக்குப் போனாலும் கிடைக்கும், இது சின்ன விஷயம் இல்லை. நான் தொடங்கியது இதில்தான். இரண்டு டியூப், செப்புச் சோக், ஸ்டார்ட்டர். கோடையில் வோல்டேஜ் இறங்கும்போது ஸ்டார்ட்டர் மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், மீன் பயந்து பாறைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சோக் ஒவ்வொன்றும் பத்து வாட்டுக்குப் பக்கமாக வெறும் சூடாகவே தின்றுவிடும். நீளத்திலும் ஒரு இடைஞ்சல்: நாலடி டி8 உண்மையாகவே 1200 மில்லிமீட்டர், நாலடித் தொட்டி 1220, ஹோல்டரையும் சேர்த்தால் இரண்டு பக்கமும் கண்ணாடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். காளானும் ஜோவாவும் இதன் கீழே நன்றாகவே வளர்ந்தன, பொய் சொல்லக்கூடாது. லெதர் மட்டும் வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டே போனது.

அடுத்தது பிஎல். ஆபீஸ் கூரைகளில் சதுரப் பெட்டிக்குள் இருக்குமே, இரட்டைக் குழல், ஒரே பக்கம் நாலு பின், 36 வாட், 55 வாட். கையளவு நீளத்தில் நிறைய வெளிச்சம் தருவதால் ஒன்றரை அடி, இரண்டடித் தொட்டிக்கு இது நல்ல வழி. குறை என்னவென்றால் இரண்டு குழலும் ஒட்டிக்கொண்டு நிற்பதால் ஒன்றின் வெளிச்சத்தை மற்றது மறைக்கிறது, பின்பக்கம் போகும் வெளிச்சம் ரிஃப்ளெக்டரில் பட்டுத் திரும்பி வரும்போது மறுபடியும் குழலிலேயே முட்டிக்கொள்கிறது. முறுக்கு மாதிரிச் சுற்றிய சிஎஃப்எல்லில் இதே வியாதி இன்னும் மோசம். நாலடித் தொட்டிக்கு பிஎல் வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன்.

டி8-ஐவிடத் தடித்த டி12 குழலில் நாலடிக்கு 110 வாட் ஏற்றும் விஎச்ஓ (வெரி ஹை அவுட்புட்) என்று ஒன்று அமெரிக்காவில் ஓடியது. இங்கே அந்தக் குழலைத் தேடி அலைவதற்குள் தொட்டி வறண்டுவிடும், விடுங்கள்.

டி5-க்கு வருவோம், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 16 மில்லிமீட்டர் குழல், ஆனால் ஒரே நீளத்தில், ஒரே மாதிரிப் பின்னோடு, இரண்டு சாதி. நாலடியில் 28 வாட் ஒன்று, 54 வாட் ஒன்று, இரண்டுமே 1149 மில்லிமீட்டர். முதலாவது மின்சாரம் மிச்சம் பிடிக்க வந்தது, இரண்டாவதுதான் ரீஃப்காரர்கள் சொல்லும் ஹெச்ஓ (ஹை அவுட்புட்). 28 வாட்டில் ஓடும் மின்னோட்டம் 170 மில்லி ஆம்பியர், 54 வாட்டில் 460. ஒரு கடையில் "எல்லாம் ஒன்னுதான் சார், ஸ்லிம் டியூப்" என்று கொடுத்ததை நம்பி 54 வாட் செட்டில் 28 வாட் குழலை மாட்டினேன். முதல் நாள் ஜெகஜோதி. சில வாரத்தில் இரண்டு முனையும் கரிச்சட்டி போலக் கருத்துப் போய் அணைந்தது. தலைகீழாகச் செய்தால், அதாவது 54 குழலை 28 பேலஸ்ட்டில் (டி5-க்கான சோக்) போட்டால், எரிவேனா என்று அழும். நண்பரின் செட்டில் முதலில் படிக்கச் சொன்னது பேலஸ்ட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைத்தான்.

இதில் வேடிக்கை, வாட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் என்று பார்த்தால் சிக்கனமான 28 வாட் குழல்தான் ஹெச்ஓவை ஜெயிக்கும். ஹெச்ஓவின் பலம் வேறு, ஒன்றரை அடி அகலத்துக்குள் எவ்வளவு வெளிச்சத்தைத் திணிக்கலாம் என்பதில் இருக்கிறது. குழல் ஒல்லி என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வளைந்த ரிஃப்ளெக்டர் மாட்ட இடம் கிடைக்கும், மேலே போகிற வெளிச்சம் குழலைச் சுற்றிக்கொண்டு கீழே வந்துவிடும். ரிஃப்ளெக்டர் இல்லாத நாலு ஹெச்ஓவைவிட நல்ல தனி ரிஃப்ளெக்டர் உள்ள இரண்டு மேல் என்று நான் சொல்வேன். பழைய செட் வாங்குபவர்கள் டியூபைப் பார்ப்பார்கள். டியூப் எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள், ரிஃப்ளெக்டர் உப்புப் பூத்துப் பொரிந்து கிடக்கிறதா, ஹோல்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நம் கடற்காற்று வீட்டு ஜன்னல் கம்பியையே விட்டுவைப்பதில்லை, தொட்டிக்கு மேலே தொங்குவதையா விடும்?

இனி சூடு. டி8 குழல் தன்னைச் சுற்றிக் காற்று 25 டிகிரியில் இருக்கும்போது முழு வெளிச்சம் தரும்படி செய்யப்பட்டது, டி5 35 டிகிரியில். அதாவது கத்திரி வெயிலில் நம் அறைக்குள் டி8 மங்கும், டி5 அதன் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். நம் பக்கத்துக்கு டி5 என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். ஆனால் அதையே மரமூடிக்குள் அடைத்தால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும், அப்போது டி5-உம் மங்கும், மங்கிக்கொண்டே தண்ணீரையும் வேகவைக்கும். திறந்தபடி, தண்ணீருக்கு அரை அடிக்கு மேல் உயரத்தில், சங்கிலியில் தொங்கவிடுவதுதான் சரி. ஃபேனைத் தண்ணீர் மேல் வீசுகிற மாதிரி வையுங்கள், குழல் மேல் நேராக வேண்டாம், குழல் ரொம்பக் குளிர்ந்தாலும் வெளிச்சம் இறங்கும். எழுத்து அச்சடித்த முனைதான் டி5-இல் குளிர்ந்த முனை, எல்லாக் குழலிலும் அதை ஒரே பக்கமாக வையுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது ஃபேன் பெரிதாகக் குளிர்விக்காது, அதிர்ஷ்டவசமாக அப்போது அதற்குத் தேவையும் இருக்காது.

கரண்ட் கணக்கு: நாலு 54 வாட், பேலஸ்ட்டையும் சேர்த்து 230 வாட் என்று வைத்து எட்டு மணி நேரம் எரித்தால் மாதம் 55 யூனிட். நாலு டி8 செப்புச் சோக்கோடு ஏறத்தாழ 44. பதினோரு யூனிட் கூடுதலுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வெளிச்சம், ரிஃப்ளெக்டரின் லாபம் தனி.

நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. கடை டியூபில் 6500 கெல்வின் வெள்ளை. அதில் பவளமும் வளரும், வேண்டாத பாசியும் வளரும், தொட்டி லேசாக மஞ்சளடித்துத் தெரியும். ரீஃப்புக்கென்று வரும் நீலக் குழல்கள் 420 அல்லது 460 நானோமீட்டர் பக்கம் எரியும், பவளத்துக்குள் இருக்கும் நுண்பாசிக்குப் பிடித்த தீனி அது. நம் கண்ணுக்கு நீலம் மங்கலாகத் தெரியும், வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டருக்கும் அப்படித்தான், அதனால் மொபைல் ஆப்பில் அளந்துவிட்டு நீலம் வேஸ்ட் என்று முடிவுகட்டாதீர்கள். நாலு குழலுக்கு இரண்டு நீலம் இரண்டு வெள்ளை என்பது என் கை. மூன்றுக்கு ஒன்று போடுபவர்களும் உண்டு, அது ரசனை.

குழல் எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஒன்பது மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் வெளிச்சம் இறங்கி நிறமும் மாறிவிடும், பாறையில் முடிமுடியாகப் பாசி ஏறும்போதுதான் நமக்குத் தெரியும். நாலையும் ஒரே நாளில் மாற்றாமல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள், திடீர் வெளிச்சத்தில் பவளம் சுருங்கிவிடும்.

டி5-க்கு எதிராக நிஜமாகவே நிற்கும் ஒரு வாதம், குழல் இனி எத்தனை நாள் கிடைக்கும் என்பது. ஐரோப்பாவில் 2023 ஆகஸ்டிலேயே டி5, டி8 இரண்டையும் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். இந்தக் குழல்களுக்குள் பாதரசம் இருக்கிறது, அதைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் 2027-ஐக் கெடுவாக வைத்திருக்கிறார்கள். நண்பரை இரண்டு வருடத்துக்கான குழலை இப்போதே வாங்கி, குழந்தைகள் கை படாத இடத்தில் படுக்கவைக்கச் சொல்லியிருக்கிறேன். உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், துடைப்பத்தால் கூட்டக் கூடாது. அந்தச் சரக்கு தீரும்போது எல்இடிக்கு மாறட்டும், ரிஃப்ளெக்டர் செட்டுக்கு அதற்குள் போட்ட காசு வந்துவிடும்.

ஆக அவர் வாங்கியது சரிதான். பேலஸ்ட்டைத் தொட்டிக்கு மேலிருந்து எடுத்துச் சுவரில் தள்ளி வைத்து, ஒயரைத் தொங்கலாக விட்டு, கரண்ட் கசிந்தால் துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டாயிற்று. டைமர் சாயங்காலம் நாலிலிருந்து ராத்திரி பன்னிரண்டு வரை, உச்சி வெயில் சூடும் லைட் சூடும் ஒன்றாகச் சேராது, ஆபீஸ் விட்டு வந்தும் தொட்டியைப் பார்க்கலாம். ஒரே வருத்தம், நான் சொல்வதற்கு முன்பே ஆசாரியிடம் கொடுத்து தேக்கில் அழகாக ஒரு மூடி செய்துவிட்டார். அதைக் கவிழ்த்துப் போட்டு வாசலில் செருப்பு விடுகிறார்கள் இப்போது.