அரண்மனையா, ஓட்டு வீடா? குமரியில் லொகேஷனும் அதன் காகிதமும்

குமரி மாவட்டத்துக்குக் கேமராவோடு வருபவர்கள் முதலில் ஃபிரேமைப் பார்க்கிறார்கள். அந்த மண் யாருடையது என்று கேட்பது கடைசியில்தான். இங்கே ஒரு மணி நேரக் கார் பயணத்துக்குள் கேரள அரசின் இடம், மத்தியத் தொல்லியல் துறையின் இடம், நீர்வளத் துறை, வனத்துறை, ஊர் கமிட்டி எல்லாம் வந்துவிடும். ஒரே காட்சிக்கு இரண்டு இடங்கள் தோதாக இருந்தால், எதன் அனுமதிக் காகிதம் சீக்கிரம் கைக்கு வரும் என்று பார்த்து முடிவெடுப்பது நல்லது. இரண்டு மூன்று நாள் ஷூட்டிங், பத்துப் பதினைந்து பேர் யூனிட் என்ற அளவை மனதில் வைத்தே இந்த ஒப்பீடு.

பழைய தறவாட்டு வீடு ஒன்று வேண்டும் என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது பத்மநாபபுரம் அரண்மனை. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது; அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் கையிலேயே நின்றது. ஆகவே நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. மனு திருவனந்தபுரம் போக வேண்டும். தக்கலை போலீசுக்குத் தகவல் கடிதம் வேறு, அது தமிழ்நாட்டுக் கணக்கு. திங்கட்கிழமை விடுமுறை என்பதால் ‘அன்று கூட்டமில்லையே’ என்று சிலருக்கு ஆசை வரும். ஊழியர் இல்லாத நாளில் திறக்கச் சொல்வது தனி வேண்டுகோள், அதைத் தனியாக எழுதித்தான் கேட்க வேண்டும். உள்ளே தரை கண்ணாடி மாதிரி மெருகேற்றியது. செருப்பு கழற்றிவிட்டு நடக்கும் இடம். ட்ரைபாடின் மூன்று காலுக்கும் ரப்பர் மூடி, அதன் கீழே விரிப்பு என்று மனுவிலேயே எழுதிவிட்டால் மேலே கேள்வி குறையும்.

இதற்கு எதிரே தனியார் ஓட்டு வீடு. நாஞ்சில் நாட்டு ஊர்களிலும் கல்குளம், விளவங்கோடு பக்கமும் நடுமுற்றம், மர மச்சு, திண்ணையோடு இன்னும் நிற்கின்றன. உரிமையாளர் ‘சரி மக்கா, எடுத்துக்கோ’ என்று சொன்னதும் பாதிப் பேர் காகிதத்தையே மறந்துவிடுகிறார்கள். சிக்கல் இரண்டாம் நாள் வரும்: வீடு கூட்டுப் பட்டாவில் இருக்கும், அண்ணன் கையெழுத்துப் போட்டிருப்பார், தம்பி வெளிநாட்டிலிருந்து போன் போட்டுச் சண்டை பிடிப்பார். ஆகவே முதலில் பட்டா நகலும் வீட்டு வரி ரசீதும் வாங்கிப் பெயர்களை ஒப்பிட வேண்டும். பங்குதாரர் எத்தனை பேரோ அத்தனை கையெழுத்து. ஊரில் இல்லாதவர் எழுத்தில் சம்மதம் அனுப்பினாலும் போதும், வாய்ச்சொல் போதாது.

ஒப்பந்தத்தில் வாடகைத் தொகையை மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. எந்த அறைகள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, ஆணி அடிக்கலாமா, சுவர் நிறம் மாற்றினால் பழையபடி அடித்துக் கொடுப்பது யார், சேதத்துக்கு முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் வேண்டும். இன்னும் இரண்டு வரிகளை அநேகமாக எல்லோரும் விடுகிறார்கள். ஒன்று, பேட்ச் ஒர்க்குக்கு, அதாவது விட்டுப்போன ஷாட்டைப் பிறகு வந்து எடுப்பதற்கு, அதே வாடகையில் ஒரு நாள். எடிட்டிங்கில் ஒரு ஷாட் குறையும்போதுதான் இதன் அருமை தெரியும். இரண்டு, படத்திலும் போஸ்டரிலும் வீட்டைக் கால வரையறை இல்லாமல் காட்டலாம் என்ற சம்மதம். பழைய வயரிங்கில் பெரிய லைட்டைச் செருகினால் ஃபியூஸ் போவதோடு நிற்காது, மச்சு மரம். 200, 300 வாட் எல்இடி தவிர எல்லாம் ஜெனரேட்டரிலிருந்து என்று எழுதிக்கொள்ளுங்கள். சாமான் இறக்கும் முன் ஒவ்வொரு அறையையும் தேதியோடு போட்டோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், ஏற்கெனவே உடைந்திருந்த ஓட்டுக்கு யாரும் பணம் கேட்க மாட்டார்கள். சிறு யூனிட்டுக்கு இதுதான் வழி. கதை அரண்மனையைப் பற்றியதாக இருந்தாலொழியப் பத்மநாபபுரம் வேண்டாம்.

கடல் காட்சிக்கு மூன்று பக்கம் இழுக்கும்: கன்னியாகுமரி, வட்டக்கோட்டை, முட்டம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறை மேல் சூரிய உதயம் எடுக்கலாம் என்று ஸ்கிரிப்டில் எழுதுபவர்கள் படகு நேரத்தைப் பார்ப்பதில்லை. பூம்புகார் கப்பல் கழகப் படகு காலை 8 மணி வாக்கில்தான் ஓடத் தொடங்கும், அதற்குள் சூரியன் நன்றாக ஏறியிருக்கும். கடல் கொந்தளித்தாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகே நிற்கும். இன்னொரு சுவாரசியமும் உண்டு. 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்தால் உரிமையாளர் மாறிவிடுகிறார்: விவேகானந்தர் பாறை விவேகானந்த கேந்திரத்தின் நிர்வாகம், 133 அடி வள்ளுவர் சிலை மாநில அரசின் பொறுப்பு. ஒரே ஷாட்டில் நடிகர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனால் காகிதம் இரண்டு. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை ஐயப்ப பக்தர் கூட்டம் வேறு; அந்த நாட்களில் கரையில் வசனக் காட்சி வைப்பது வீண் செலவு.

வட்டக்கோட்டை அமைதியானது, கிழக்குப் பார்த்த கடல், கருங்கல் மதில். ஆனால் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். சின்னத்தின் மேல் தண்ணீர், எண்ணெய், கிரீஸ் எதுவும் படக் கூடாது, ஜெனரேட்டர் சின்னத்தையும் புல்தரையையும் விட்டுத் தள்ளி நிற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. மழைக் காட்சிக்கு மதிலில் தண்ணீர் அடிக்கலாம் என்ற யோசனை இங்கேயே முடிந்தது. மாதக் கணக்கில் முன்கூட்டித் திட்டமிடுபவர்களுக்கு மட்டும் ஏற்ற இடம்.

முட்டத்தில் கலங்கரை விளக்கம் மத்திய அரசுத் துறையுடையது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். பாறையும் கரையும் போதும் என்றால் வேலை எளிது. மீனவர் குடியிருப்பு என்பதால் காவல் நிலையக் கடிதத்துக்கு முன்பே பங்குத்தந்தையையும் ஊர் கமிட்டியையும் நேரில் பார்த்துவிட வேண்டும். சட்டம் கேட்காத இந்த அனுமதி இல்லாமல் அங்கே ஒரு ட்ரைபாடும் நிம்மதியாக நிற்காது. ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகாததால் வள்ளங்கள் கரையில் நிறைந்திருக்கும், கூடவே பூசையும் ஆள் நடமாட்டமும். விசைப்படகு வேண்டுமானால் மீன்பிடித் தடைக்காலத்தைப் பாருங்கள். குமரியின் வினோதம், ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம்: சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்குப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முட்டம், குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. துறைமுகம் நிறையப் படகு நிற்கும் காட்சிக்கு அது பொற்காலம். படகு கடலுக்குப் போகும் காட்சிக்கு அதுவே முட்டுக்கட்டை. பொம்மைத் துப்பாக்கி, போலீஸ் உடுப்பு, இரவு லைட் என்று கரையில் எதுவானாலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு முன்தகவல் போக வேண்டும். இல்லாவிட்டால் யாராவது 1093-க்கு அடித்துவிடுவார்கள், அடிப்பதும் சரிதான். மூன்றில் முட்டத்துக்கே என் ஓட்டு.

காடு வேண்டுமென்றால் காளிகேசம், கீரிப்பாறை என்று மனம் போகும். சரணாலய எல்லைக்குள் வந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை காகிதம் போகும். காட்டுக்குப் பதில் குலசேகரம் பக்கம் தனியார் ரப்பர் தோட்டத்தில் எடுத்தால் உரிமையாளர் கையெழுத்தோடு முடியும். அரசு ரப்பர் கழகத் தோட்டமா, தனியாருடையதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் இலை உதிர்ந்து மொட்டையாகிவிடும். டிசம்பரில் பாதி, மார்ச்சில் பாதி என்று எடுத்தால் கன்டினியூட்டி, அதாவது காட்சிக்குக் காட்சி பொருத்தம், காலி. விடியற்காலையில் பால் வெட்டு நடக்கும், அந்த மணிகளை வெட்டுகிறவர்களோடு பேசி ஒதுக்க வேண்டும்.

பாசனத் தண்ணீரைத் தொட்டியில் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப் பாலத்திலும் இதே கன்டினியூட்டித் தொந்தரவு. 115 அடி உயரத்தில் காற்று பூம் மைக்கை விடாது, நடைபாதை ஒடுக்கம். அணை திறந்திருந்தால் தொட்டியில் தண்ணீர், மூடினால் காய்ந்த சிமெண்ட். நீர்வளத் துறைக்குக் கடிதம் கொடுக்கும்போதே தண்ணீர் விடும் தேதியையும் கேட்டு வாங்குங்கள்.

எந்த அலுவலகமானாலும் மனுவில் ‘இல்லை’ என்ற பகுதி வேலையைச் சுலபமாக்கும்: “14 பேர், ஒரு கேமரா, எல்இடி 2, காலை 6 முதல் 10 வரை. ஜெனரேட்டர் இல்லை, டிரோன் இல்லை, விலங்கு இல்லை, வெடி இல்லை, செட் இல்லை.” அதிகாரி பயப்படுவது இந்த ஐந்துக்கும்தான். குழந்தை நடிகர் இருந்தால் மறைக்க வேண்டாம். அதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி தனி. ஒரு நாளில் 5 மணி நேரம், இடைவெளி இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புத் தொகை.

டிரோன் கட்டாயம் வேண்டுமென்றால், வாடகைக்கு எடுக்கும் முன் மத்திய அரசின் டிரோன் தளமான டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்தப் புள்ளியைத் தட்டிப் பாருங்கள். பச்சை மண்டலமானால் 400 அடி வரை பறக்கலாம். சிவப்பு என்று காட்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஊர் கமிட்டி சம்மதம் அதற்குச் செல்லாது. முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் மணவாளக்குறிச்சி அருமணல் ஆலை இருக்கிறது, அது அணுசக்தித் துறைக்கு உட்பட்டது. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே யோசிக்க வேண்டும். டிரோனின் பதிவு எண், பைலட் சான்று, இடத்துக்காரரின் கடிதம் மூன்றின் நகலும் இயக்குபவர் பையில் இருக்கட்டும். மேனேஜரின் வேனில் அல்ல.